வெண்ணெய் என்று தலையாட்டினேன்

எனக்கு மாரடைப்பு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன். தெருக் குழாய் வரை போய் வருகிறேன். அதற்கு மேல் போனால் மூச்சு வாங்குகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவும் எனக்கு வராது. அந்தக் கூச்சத்தால் ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஒரு பொய்யை மென்றுகொண்டு படுத்திருந்தேன். உயிர் போகும் நேரத்திலும் அதைத் துப்ப முடியவில்லை. டாக்டர் முன்னால் போய் உட்காருகிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஞானமணி. வயது நாற்பத்தாறு. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பேக்கரியில் பத்தொன்பது வருடம் மாவு பிசைந்தேன். என் அப்பா வயல் கூலி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று பெரிதாக எதுவும் இல்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றின் கேன்டீன்களுக்கு எங்கள் பன்னும் பிஸ்கட்டும் போயின. பேக்கரிக்குப் பின்னால் முதலாளி கட்டிக் கொடுத்த ஓட்டு வீட்டில்தான் நானும் என் மனைவி எஸ்தரும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறோம்.

முதலாளி ரங்கய்யா நல்லவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ். என்னைத் தெலுங்கில் செல்லமாக "நைனா" என்றுதான் கூப்பிடுவார். என் மூத்த மகள் பிறந்தபோது வேன் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் கடையில் அதிகம் விற்றது வெண்ணெய் பிஸ்கட். கண்ணாடி அலமாரிக்கு மேல் பலகையில் ஒரு வெண்ணெய் உருண்டை வரைந்து, "சுத்தமான வெண்ணெயில் செய்தது" என்று எழுதியிருக்கும். உள்ளே போட்டது மார்ஜரின். மார்ஜரின் பார்க்க வெண்ணெய் போலவே இருக்கும், ஆனால் பாலில் இருந்து வருவதில்லை. எண்ணெயில் ஏதோ வாயு செலுத்திக் கட்டியாக்கி, மஞ்சள் நிறமும் வாசனையும் சேர்த்து, டின்னில் அடைத்து வரும். வெண்ணெயை விட விலை குறைவு. வெயிலில் உருகி ஓடாது, மாதக்கணக்கில் கெடாது. டின்கள் பின் வாசல் வழியாகத்தான் வரும். வந்ததும் மேலே ஒட்டிய தாளைக் கத்தியால் சுரண்டி எடுப்பது என் வேலை. பிஸ்கட் வெந்து தட்டு வெளியே வந்ததும், நெய்யில் நனைத்த துணியால் மேலே ஒரு தடவு தடவுவோம். அந்த ஒரு தடவல் வாசனையில்தான் கடைத்தெருவே நிற்கும்.

டின் காலியானால் அடியில் ஒட்டியிருப்பது மாவு பிசைகிறவனுக்கு என்பது எங்கள் பேக்கரி வழக்கம். அதை நான் வழித்து எடுத்துக்கொள்வேன். காலை நாஷ்டா எனக்கு அதுதான். சூடான ரொட்டியின் முனையை வெட்டி, கை விரல் கனத்துக்குத் தடவித் தின்பேன். மிச்சம் வீட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் வெண்ணெய் கிடையாது. என் பிள்ளைகள் மட்டும் ரொட்டியில் மஞ்சளாகத் தடவிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

அன்று காலை ஆறு மணி இருக்கும். அடுப்பின் வாயில் இருந்து தட்டை இழுத்தேன். நடு நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல இருந்தது. வலி இடது தோளுக்கு ஏறி, கை வழியாக இறங்கி, சுண்டுவிரலில் நின்றது. தாடையும் வலித்தது. வேர்வை அடுப்புச் சூட்டில் வருவது போல இல்லை, குளிர்ந்து வழிந்தது. வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்தேன். மாவு மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் யாரையும் கூப்பிடவில்லை. வேலை நேரத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பார்களே என்று கூச்சமாக இருந்தது. பிறகு எஸ்தர் இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்: "நெஞ்சு வெடிக்கறப்ப கூடவா உனுக்கு வெக்கம்?"

முதலாளிதான் என்னைப் பார்த்தார். கேன்டீனுக்குப் போக ஏற்றியிருந்த பன் தட்டுகளைத் தன் கையாலேயே வேனில் இருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு என்னை ஏற்றினார். எல்லாத் தட்டையும் இறக்க நேரம் இல்லை. பன் அடுக்குகளுக்கு நடுவில் படுத்தபடி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னேரியில் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, ஊசி போட்டு, உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதே வேனில் போனோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் நின்றபோது, இனி வீடு திரும்ப மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. கையிலும் காலிலும் பட்டை கட்டி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டி, ஒரு இயந்திரத்தை ஓடவிட்டார்கள். நீளமான தாளில் மலையும் பள்ளமுமாகக் கோடு வந்தது. அதுதான் இ.சி.ஜி. இதயம் துடிப்பதை அது படமாகப் போட்டுக் காட்டும். டாக்டர் அந்தக் கோடுகளை விரல் விட்டு எண்ணினார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அதட்டிப் பேச மாட்டார். அவர் எஸ்தருக்கு விளக்கிச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். இதயமும் ஒரு தசைதான், அதற்கும் ரத்தம் வேண்டும், அதைக் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்று அடைத்துவிட்டது, அந்த இடத்துத் தசை செத்துவிட்டது என்றார். செத்தது பிழைக்காது, தழும்பாக ஆறும், ஆறும் வரைக்கும் அசையவே கூடாது என்றார்.

அசையாமல் கிடப்பது என்றால் எல்லாம் படுக்கையில்தான். மற்றவர்கள் நடமாடும் வார்டில், ஒரு மறைப்புக்கூட இல்லாமல், எஸ்தர் எனக்குக் கீழே பேசினை வைத்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மாரடைப்பை விட அது மோசம் என்று அன்று தோன்றியது. அப்படி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் காலை டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். மைதா வாங்க மெட்ராஸ் வந்த முதலாளியும் அப்போதுதான் வந்து, படுக்கையின் கால்மாட்டில் நின்றிருந்தார். கையில் எங்கள் கடையின் பெரிய பிஸ்கட் டப்பா. அதை டாக்டரிடம் நீட்டினார்.

"சார், நம்ம கடை சரக்கு. சுத்தமான வெண்ணெ. இவன் கையால பெசஞ்சது. இவனெ காப்பாத்திக் குடுத்துடுங்க சார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி நர்ஸிடம் கொடுத்தார். என்னைப் பார்த்தார்.

"உன் ரத்தத்துல கொழுப்பு ஏகத்துக்கு இருக்குப்பா. கொலஸ்டிரால்னு சொல்லுவோம். அதுதான் குழாய்ல படிஞ்சு அடைக்குது. தினம் வெண்ணெயில கை வைக்கிற ஆளு. நெறைய சாப்பிடுவியோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. சும்மா பார்த்தார். சுரண்டிய டின் தாள்கள், பலகையில் இருந்த வெண்ணெய் உருண்டை, ஓட்டு வீடு, வேன், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

"எத்தனை வருஷமா?"

"பத்தொம்போது" என்றேன். அது மட்டும் உண்மை.

"சரி, இன்னியோட வெண்ணெய் நெய் ரெண்டையும் மறந்துடு. அதெல்லாம் மாட்டுக் கொழுப்பு. ரொட்டிக்கு ஏதாவது தடவித்தான் ஆகணும்னா மார்ஜரின்னு ஒண்ணு வருது. எண்ணெயில செய்யறது. அது பரவாயில்ல." படுக்கையில் தொங்கிய அட்டையில் எழுதினார். எழுதியதை எஸ்தருக்குப் படித்தும் காட்டினார்: வெண்ணெய் கூடாது, மார்ஜரின் கொடுக்கலாம்.

டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனதும் முதலாளி என் காலைத் தொட்டு அழுத்தினார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. "பாத்தியா நைனா. டாக்டரே சொல்லிட்டாரு. நம்ம சரக்கு உடம்புக்கு நல்லதாம். நான் இதுக்குப் போயி இத்தினி வருசமா பயந்துகினு இருந்தேன்."

அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். இரண்டு நாளைக்கு ஒரு முறை வேனில் ரொட்டி வந்தது. மெழுகுத் தாளில் சுற்றி, துண்டு துண்டாக வெட்டி, மார்ஜரின் வழியத் தடவி. ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு இறங்கவில்லை என்று எஸ்தர் அதை ஊட்டிவிட்டாள். நானும் வாயைத் திறந்தேன்.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெண்ணெயை நான் வாழ்நாளில் நாலைந்து தடவை தின்றிருப்பேன். என் குழாயை அடைத்தது வெண்ணெய் இல்லை. அது இந்த வார்டில் எனக்கு மட்டும் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. எதைத் தின்று விழுந்தேனோ அதையே மருந்து மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வாய் ரொட்டியும் இறங்கும்போது நெஞ்சுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். அது அப்படித் தெரியாது என்று இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டால் இன்னும் மோசம். வீட்டு அலமாரியில் ஒரு கிண்ணம் நிறைய வழித்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மூன்று பேரும் அதைத்தான் தடவித் தின்றுகொண்டிருப்பார்கள்.

ஜன்னல் பக்கம், என் அடுத்த படுக்கையில் வரதாச்சாரி என்ற பெரியவர் இருந்தார். திருவள்ளூரில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர், அதாவது சுவாமிக்குச் சமைக்கிறவர். அறுபது வயது. பெரிய சரீரம். அவருக்கும் என்னைப் போலவே அடைப்பு. அவர் அட்டையிலும் வெண்ணெய், நெய் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. அவர் மனைவி ஊரில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொண்டு, ரயில் ஏறி வருவார். வெல்லம் கரைவது போல நோய் கரையும் என்று திருவள்ளூரில் வழக்கம்.

நான் அவரைச் சாமி என்று கூப்பிட்டேன். பேச்சு முழுக்க அவருடையது, நான் தலையாட்டுவேன். ஆறாம் நாள், நர்ஸ் எனக்கென்று வைத்துவிட்டுப் போன இரண்டு பிஸ்கட்டைப் பார்த்தார்.

"உங்க கடை சரக்கா? இங்க கொடு."

"சாமி, நாங்க தொட்டது..." என்று இழுத்தேன்.

"நான் தின்னப் போறேன்னு யார் சொன்னா? மூக்குக்கு ஆசாரம் கிடையாது. கொடு."

வாங்கி மூக்கின் கீழ் வைத்தார். பிட்டு, உள்பக்கத்தை மோந்தார். மறுபடியும் மேல்பக்கத்தை மோந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேல நெய் தடவியிருக்கா. உள்ள வெண்ணெயே இல்லையே அப்பா."

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "நாப்பது வருஷம் வெண்ணெ காய்ச்சினவன் நான். என்னண்டையா? என்ன போடறேள் உள்ள?"

சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, சாதியும் ஊரும் வேறான ஒருவரிடம், ஒரே மூச்சில் சொன்னேன். டின், தாள், டின் அடி, தலையாட்டியது எல்லாம். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ நீ தின்னதையே தின்னுன்னு எழுதிக் குடுத்திருக்கார். சமத்து டாக்டர்."

"வெண்ணெ துன்னா இப்டி வராதா சாமி?"

"வெண்ணெயா? அது பெருமாள் அமுது பண்றது. அதுல என்னடா கெடுதல் வரும்?"

"நீங்க அதானே துன்னீங்க. நீங்களும் இங்கதானே படுத்துகினு கீறீங்க."

எனக்கே என் வாயில் இருந்து அது வந்ததில் ஆச்சரியம். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலைப் பார்த்தார். "அதான் எனக்கும் புரியலை" என்றார்.

பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்னப் பித்தளைச் சம்புடத்தைக் காட்டினார். உள்ளே வெண்ணெய். மனைவி கொண்டுவருவது. விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். "பிரசாதம். வேண்டாம்னு சொல்ற வாய் எனக்கு இல்லை. டாக்டர் கேட்டா விட்டுட்டேன்னு சொல்லிண்டிருக்கேன்."

இப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒரே டாக்டரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். அவர் வெண்ணெயைத் தின்றுவிட்டு இல்லை என்றார். நான் தின்னாத வெண்ணெயைத் தின்றேன் என்றேன். அந்த மனிதர் தினமும் காலையில் வந்து, எங்கள் இருவர் அட்டையையும் பார்த்து, ஏன் குணமாகவில்லை என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

"நீ சொல்லிடு" என்று மட்டும் சாமி அடிக்கடி சொன்னார். "நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா நீ சொல்லலேன்னா அந்த மனுஷன் நாளைக்கு இன்னொருத்தனுக்கும் அதையே எழுதுவார்."

எஸ்தரிடம் கேட்டேன். அவள் வெகுநேரம் புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "சொன்னா பேக்கரி பேரு போவும். ஊடு போவும். பன்னெ தரையில எறக்கி வச்சிட்டு உன்னெ ஏத்திக்கினு வந்த மனுசன் அவுரு. அவரெ எப்டி தலகுனிய வைக்கறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லலன்னா நீ போய்டுவியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தபடி இருந்தோம். அன்று அவள் அதைப் பிரிக்கவில்லை. மறுநாள் நான் கஞ்சியை வாந்தி எடுத்ததும் பிரித்துவிட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் ரொட்டி தின்று அரை மணிகூட ஆகவில்லை. அதே முழங்கால், அதே இடம். இந்த முறை கூப்பிடவும் மூச்சு இல்லை. சாமிதான் கத்தினார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். அது ஈரமான ரப்பர் நாற்றத்தோடு வரும் காற்று. காற்றுக்கு அவ்வளவு ருசி உண்டு என்று அதற்கு முன் தெரியாது. ஊசி ஏறி வலி அடங்கியதும் டாக்டர் பக்கத்தில் நின்றார்.

"என்ன குடுத்தீங்க?" என்று எஸ்தரைக் கேட்டார்.

"நீங்க எழுதினதுதான் சார். ரொட்டி. மார்ஜரின்."

"அதனால இருக்காதே." என்னைக் குனிந்து பார்த்தார். முதல் முறையாக அவருக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லு. யாராவது ரகசியமா வெண்ணெய் கொண்டுவந்து குடுக்கறாங்களா? பழக்கத்தை விட முடியலையா? நான் இங்க உனக்காக உயிரை விட்டுக்கிட்டு இருக்கேன், நீ நாக்குக்காக உயிரை விடறே."

சொல்ல அதைவிட நல்ல நேரம் எது? குழாய் மூக்கில் இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டர் போன பிறகு ஜன்னல் பக்கத்தில் இருந்து மெல்லக் குரல் வந்தது. "திருடன் நான். திட்டு உனக்கு." அதைச் சொல்லி அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதற்குப் பின் நான் கண்ணை மூடினால் திறக்காமல் போய்விடுமோ என்று பயம். நர்ஸ் நடக்கும் செருப்புச் சத்தம் வந்தால் கொஞ்சம் தைரியம் வரும். எஸ்தர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அது அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள. மூத்தவள் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தாள், "அப்பா, நாங்கள் சரியாகச் சாப்பிடுகிறோம். கிண்ணம் காலியானதும் முதலாளி வேறு கொடுத்தார்" என்று. அதை மார்பில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அது எவ்வளவு கனத்தது என்று எழுத முடியாது.

பதினாலாம் நாள் காலை சாமி முகம் கழுவ எழுந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு ஏகாதசியா?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். அவர் அப்படியே சுவர் பக்கம் சாய்ந்தார். டாக்டர் ஓடி வந்து இரண்டு கையாலும் அவர் மார்பை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். மேஜையில் இருந்த தம்ளர்கூட ஆடியது. பிறகு நிறுத்திவிட்டார். போர்வையை இழுத்து மூடும்போது தலையணை நகர்ந்து, பித்தளைச் சம்புடம் உருண்டு என் படுக்கை பக்கம் விழுந்தது. மூடி திறந்துகொண்டது. டாக்டர் குனிந்து எடுத்தார். உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார்.

அவர் யாரையும் திட்டவில்லை. சம்புடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் பார்த்தது தோல்வி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் பேசியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்காமல் நடந்தார். இரண்டு படுக்கை தாண்டிப் போய்விட்டார்.

"டாக்டர்" என்றேன்.

கேட்கவில்லை. மறுபடியும், என்னால் முடிந்த அளவு, "டாக்டர் சார்" என்றேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பத்தொன்பது வருடம் எந்தப் பார்வைக்கு ஒளிந்தேனோ அதே பார்வை.

அவர் வந்தார். "நான் வெண்ணெ துன்னதே இல்ல சார்" என்றேன். "எங்க கடையில வெண்ணெயே கெடையாது. மார்ஜரின்தான். பத்தொம்போது வருசமா அதான் துன்னேன். இங்கயும் அதான் துன்னுகினு கீறேன். எம் புள்ளைங்களும் அதான்."

அவர் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். விரலைக் காட்டினேன். பீடி உண்டா, அப்பா எதனால் செத்தார் என்று கேட்டார். பீடி இல்லை, அப்பாவும் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தார் என்றேன்.

"மார்ஜரின்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. உங்க அப்பா வழியும் இருக்கு, அடுப்பு வேலையும் இருக்கு" என்றார். "செடிக் கொழுப்பு நல்லதுன்னு படிச்சேன். எழுதினேன். ஆனா எண்ணெயைக் கட்டியாக்கின பிறகும் அது எண்ணெயா இருக்குமா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. வெண்ணெய்க்குப் பதில் அதுன்னு இனிமே நான் யாருக்கும் எழுத மாட்டேன்." கையில் இருந்த சம்புடத்தைப் பார்த்தார். "இதையும் எழுத மாட்டேன். ரெண்டும் வேண்டாம். உனக்கும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் தடவித் தடவிக் குடுக்க வேண்டாம். கொஞ்சமா நல்லெண்ணெய், காய், கஞ்சி. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

அட்டையை எடுத்து, மார்ஜரின் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு அதன் மேலேயே இன்னொரு கோடு.

எஸ்தர் அன்றே கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் ஒருவரிடம் மகளுக்குச் சொல்லி அனுப்பினாள், கிண்ணத்தைக் கவிழ்த்துவிடு என்று.

இருபத்தைந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது நர்ஸ் எங்கள் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். பாதி காலி. "டாக்டர் இதைக் கடைக்காரர்கிட்ட குடுக்கச் சொன்னார்" என்றார். முதலாளி அனுப்பிய வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எஸ்தர் போய் அவர் மேஜையில் வைத்தாள். அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சொல்லிட்டானா?" என்றார். அவள் "ஆமாங்க முதலாளி" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். புதிய ஆள் மாவு பிசையும் சத்தம் கேட்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்ல இன்று வருவார், நாளை வருவார் என்று காத்திருந்தோம். எஸ்தர் பாத்திரங்களைக்கூட ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டாள். பிள்ளைகள் வெறும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு எழுந்து அவரிடம் போகவும் தெம்பில்லை, போனால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சர்ச்சுக்குப் போய்வரும் நேரம் தெரிந்து, எஸ்தரும் பிள்ளைகளும் இல்லாதபோது வந்தார். கையில் எதுவும் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் வெறும் கையோடு வந்து நான் பார்த்ததில்லை. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உடம்பு எப்டி கீது நைனா?"

"பரவால்ல முதலாளி."

கட்டி வைத்திருந்த சாக்கைப் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து, சட்டைக்கு மேலேயே, இடது மார்பில் வைத்தார். எந்த இடத்தில் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"படி ஏறனா இங்க பிடிச்சிக்குது" என்றார். "பத்து நாளா. யாருக்கும் சொல்லல."

கடையில் காலை முதல் ரொட்டி அவருக்குத்தான். வெட்டித் தடவிக் கொடுத்ததும் நான்தான். பத்தொன்பது வருடம்.

"அந்த டாக்டரு என்னிக்கு இருப்பாரு?"

"செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் வெளி நோயாளிங்கள பாப்பாரு."

தலையாட்டினார். எழுந்து வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று, திரும்பாமலே கேட்டார், "என்னா கேப்பாரு?"

"இன்னா துன்றேன்னு கேப்பாரு."

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த டாக்டர் முன்னால், நாலு பேர் நடுவில், தன் கடைப் பலகையில் எழுதியிருப்பதைத்தான் சொல்வார். நான் சுவரைப் பிடித்து எழுந்தேன். ஐந்தாறு அடிதான். மூச்சு வாங்கியது.

"செவ்வாக்கெழம வேன்ல நானும் வரேன் முதலாளி" என்றேன். "நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்றேன்."